அறுபத்தொன்றாவது கேள்வி

“உனக்குத் தெரிஞ்சத எழுதாம இருக்க உன்னால முடியுமா புள்ள?”

பதினோராம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த என்னிடம் அந்த அக்கா இப்படித்தான் கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை முதன்முதலில் மிதித்தவள் நான். அம்மா ஏலக்காய் எடுக்கப் போகிறவர், அப்பா மருந்து அடிக்கப் போகிறவர். பத்தாம் வகுப்பில் நான் வாங்கிய மார்க்கைக் கேரளத்து இடுக்கி மலையில், சக்குபள்ளத்தில், எஸ்டேட் வரிசை வீடுகளான எங்கள் லயம் முழுக்கச் சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டார்கள். எழுத முடியுமா என்று என்னைக் கேட்டவர்கள் உண்டு. எழுதாமல் இருக்க முடியுமா என்று யாரும் கேட்டதில்லை.

அக்காவுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. பார்வையற்றவர்களுக்கென்று ஒதுக்கிய அரசு வேலை ஒன்றுக்குத் தேர்வு அறிவித்திருந்தார்கள். கேள்வியை வாசித்துக் காட்டவும், அவர் சொல்லும் விடையைத் தாளில் குறிக்கவும் ஓர் ஆள் வேண்டும். எழுதுகிற ஆள் தேர்வு எழுதுபவரைவிடக் குறைவாகப் படித்திருக்க வேண்டும் என்பது விதி. அக்கா பார்வையற்றோர் விடுதிப் பள்ளியில் பன்னிரண்டு முடித்தவர். குறைவாகப் படித்தவள் என்பதற்காகவே ஒருவர் என்னைத் தேடி வந்தது சுருக்கென்றுதான் இருந்தது. ஆனாலும் ஒத்துக்கொண்டேன். அக்காவுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு என்பது எல்லோருக்கும் தெரியும். அடுத்த தேர்வு வருவதற்குள் வயது வரம்பைத் தாண்டிவிடுவார்.

அவர் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதலாமா என்று நான் அவரிடம் கேட்கவில்லை. கேட்காமல் அவர் விஷயத்தில் எதையும் செய்வதில்லை என்று எனக்கு நானே ஒரு முடிவு வைத்திருக்கிறேன்.

அக்காவுக்கு உதவி செய்வது லேசான காரியம் இல்லை. ரேஷன் கடையில் அவரைக் கண்டதும் வரிசை விலகும். “வாம்மா, நீ முன்னாடி வா” என்பார்கள். அவர் கோலை ஊன்றி நின்றுகொண்டு, “கடைசியா நிக்கிறது யாரு? பேரச் சொல்லுங்க” என்று கேட்பார். யாராவது பெயரைச் சொன்னால் அவருக்குப் பின்னால் போய் நிற்பார். அதே அக்கா அரசு பஸ்ஸில் ஏறினால் வேறு ஆள். பார்வையற்றோர் இருக்கையில் உட்கார்ந்திருப்பவர் யாராக இருந்தாலும் எழுப்பிவிடுவார். “எந்திரிங்க சார். இது எழுதி வச்சிருக்கிற சீட்டு.” நடத்துநர் “பாஸ் எல்லாம் வேண்டாம், இரிக்கு” என்று மலையாளத்தில் உட்காரச் சொல்லி நகர்ந்தால் விடமாட்டார். “பாஸப் பாத்துட்டு விடுங்க சேட்டா. பாவம் பாத்து விடாதீங்க.”

ஜீப்பில் மட்டும் கொஞ்சம் சிரிப்பார். எங்கள் பக்கத்து ஜீப்பில் முன் இருக்கை என்றால் பெரிய மரியாதை. ஓட்டுநர் அண்ணன் தினமும் அக்காவுக்கு அதைக் கொடுக்கப் பார்ப்பார். “ரோட்டப் பாக்கறவங்களுக்குக் குடுங்கண்ணே. எனக்கு எங்க உக்காந்தாலும் ஒரே சீன்தான்” என்று பின்னால் ஏறி, பதினோரு பேர் இடுக்கில் பன்னிரண்டாவதாக உட்கார்ந்துகொள்வார்.

தேர்வுக்கு முன்பு அவர் எஸ்டேட்டில் வேலை பார்த்தார். ஏலக்காயை உலர்த்தும் ஸ்டோரில் பெண்கள் தரையில் உட்கார்ந்து காய் பொறுக்குவார்கள். பெரியது, சின்னது, வெடித்தது, வெளுத்தது என்று பிரிக்க வேண்டும். அக்கா விரல் நுனியில் உருட்டியே அளவைச் சொல்லிவிடுவார். வாய் விட்ட காய் அவர் கைக்குத் தப்பாது. சூப்பர்வைசர் மற்ற பெண்களை அவரைக் காட்டித்தான் திட்டுவார். இப்படிப் பல மாதம் போனது. ஒருநாள் சூப்பர்வைசர் அவருடைய தட்டைப் பார்த்துவிட்டு, “இதென்ன, இன்னைக்கு வெளுத்த காயாக் கெடக்கு?” என்றார்.

அக்கா நிமிர்ந்தார். “அப்ப இத்தன நாளா வெளுத்தத எடுத்தது யாரு?”

பக்கத்தில் உட்காரும் இரண்டு பெண்கள்தான் எடுத்திருந்தார்கள். தட்டு அவரிடம் போவதற்கு முன்னாலேயே நிறம் போன காய்களைப் பொறுக்கிவிடுவார்கள். அன்றைக்கு இருவரும் ஒரு கல்யாணத்துக்காகப் போடிமெட்டு இறங்கிப் போயிருந்தார்கள். அந்த இருவரில் ஒருவர் என் அம்மா.

மறுநாளிலிருந்து அக்கா வேலைக்குப் போகவில்லை. அம்மா நேரில் போய்க் கேட்டார். “நான் கோவிச்சுக்கிட்டு நின்னுரலக்கா” என்றாராம். “எனக்குப் பச்சை தெரியாதுன்னு சூப்பர்வைசர்கிட்டச் சொல்லிட்டேன். அளவு மட்டும் பிரிக்கிற வேல இருந்தாக் கூப்பிடுங்கன்னேன். இல்லன்னுட்டாரு. அவ்வளவுதான்.”

அம்மாவுக்கு அது ஆறவே இல்லை. நான் எழுதப் போகிறேன் என்று சொன்னபோது, “போ, போ. நல்லது செஞ்சின்னா நல்லா வாங்கிக் கட்டிக்குவ” என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பழகினோம். அக்கா தம்பி வீட்டில் இருந்தார். அங்கே காலையில் ரேடியோ செய்தி முடிகிறவரை யாரும் வாய் திறக்கக் கூடாது. தம்பியின் குழந்தைகூட அழுகையை ஒத்திவைத்துவிடும் என்று தம்பி மனைவி சொல்லிச் சிரிப்பார். செய்தி முடிந்ததும் நான் பழைய கேள்வித்தாளை எடுப்பேன். அக்கா மடியில் பிரெய்லி ஸ்லேட்டை வைத்துக்கொள்வார். தடித்த காகிதத்தை அதில் மாட்டி, ஊசியால் புள்ளி குத்தி எழுதும் சட்டம் அது. என்னிடம் சொல்லும் ஒவ்வொரு விடையையும் அதில் தனக்கும் குத்தி வைத்துக்கொள்வார்.

“இந்தியாவின் தலைநகரம் எது?” என்று வாசித்தேன்.

“சென்னை.”

நான் சிரித்துவிட்டேன்.

“பாத்தியா? சிரிச்சிட்ட. தப்புன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. சிரிப்பும் ஒரு பதிலுதான்டி. சென்னைன்னு சொன்னேன்ல, சென்னைன்னே குறி.”

இன்னொரு நாள் நான்கு விடைகளையும் வாசித்து முடித்தேன். “மூணாவது” என்றார். சரியான விடைதான். ஆனால் அவர் முகம் சுளித்தது. “எனக்கு இது தெரியாது. நீ மூணாவதுகிட்ட வரும்போது உன் குரல் ஏறுது. அத வச்சுச் சொன்னேன். திரும்ப வாசி. நாலையும் ஒரே மாதிரி வாசி.” திரும்ப வாசித்தேன். “இப்ப ஏறாம இருக்கணும்னு இறக்கிட்ட. திரும்ப.” அன்று ஒரே கேள்வியை ஒன்பது முறை வாசித்தேன். கடைசியில் பஸ் நிலையத்து மைக்கில் ஊர்ப் பெயர் சொல்லும் பெண்ணைப் போல என் குரல் ஆகிவிட்டது. “இப்படித்தான்” என்றார் அக்கா. எனக்குப் பெருமையாக இருந்தது.

தேர்வு பீர்மேடு பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில். எங்களுக்குத் தனி அறை, தனிக் கண்காணிப்பாளர், கூடுதல் நேரம். கேள்வித்தாள் தமிழில் இருந்தது. நான் வாசிக்க, அக்கா எழுத்தைச் சொல்லி ஊசியால் குத்த, நான் தாளில் வட்டத்தைக் கறுக்க, அறுபது கேள்விகள் வழுக்கிக்கொண்டு போயின.

அறுபத்தொன்று: பரப்பளவில் கேரளத்தின் மிகப் பெரிய மாவட்டம் எது? ஏ, பாலக்காடு. பி, மலப்புரம். சி, இடுக்கி. டி, திருச்சூர்.

“சி” என்றார் அக்கா.

என் பேனா நின்றது. பாலக்காடு என்று இரண்டு வகுப்புப் புத்தகங்களில் நான் படித்திருக்கிறேன். வினாடி வினாவில் அந்த விடைக்குப் பரிசும் வாங்கியிருக்கிறேன். சொந்த ஊர்ப் பாசத்தில் அக்கா இடுக்கி என்கிறார் என்று நினைத்தேன். ஒரு கேள்வியில் ஒரு வேலை போய்விடும் என்று நினைத்தேன். அம்மா ஸ்டோரில் செய்தது அப்போது சரியென்று பட்டது. கண்காணிப்பாளர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். ‘ஏ’ வட்டத்தைக் கறுத்துவிட்டு அடுத்த கேள்வியை வாசித்தேன்.

நூறும் முடிந்ததும் அக்கா, “முதல்லருந்து படிச்சுக் காட்டு” என்றார். நான் தாளைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, அவர் விரல் புள்ளிகளின்மேல் நகர்ந்து சரிபார்த்தது. அறுபது, பி. அறுபத்தொன்று, சி. அறுபத்திரண்டு, ஏ. என் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

திரும்பும் பஸ்ஸில் அக்கா உற்சாகமாக இருந்தார். எண்பதுக்கு மேல் வரும் என்றார். எனக்கு என் பங்கைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பாராட்டு வேண்டியிருந்தது.

“அக்கா, அறுபத்தொண்ணு நீங்க தப்பாச் சொன்னீங்க. பாலக்காடுதான் பெருசு. நான் சரியா மாத்திக் குறிச்சுட்டேன்.”

அவர் என் முழங்கையைப் பிடித்திருந்தார். கையை எடுத்துவிட்டார்.

“படிச்சுக் காட்டினப்ப சின்னு சொன்ன.”

“நீங்க பயந்துருவீங்கன்னுதான்…”

“சேட்டா, வண்டிய நிறுத்துங்க.”

இரண்டு நிறுத்தம்தான் தாண்டியிருந்தோம். இறங்கியதும் கோலை விரித்து, தேர்வு எழுதிய பள்ளிக்கூடத்தை நோக்கித் திரும்பி நடந்தார். நான் பக்கத்தில் போனால், “நீ உன் வழிக்கு நட. எனக்கு ஓரம் தெரியும்” என்றார். தேயிலைச் சரிவை ஒட்டிய அந்தச் சாலையில் அவர் முன்னால், நான் பின்னால். ஒவ்வொரு வளைவிலும் ஜீப்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. “அக்கா, உங்க பேப்பரையே தள்ளிருவாங்க. கடைசிச் சான்ஸுக்கா” என்று அழுதேன். கோல் தட்டும் சத்தம் நிற்கவே இல்லை.

தேர்வு மையத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் அந்தப் பள்ளியின் தலைமையாசிரியை, மலையாளி. விடைத்தாள் கட்டுகளுக்கு அரக்கு வைக்கத் தயாராக இருந்தார். “எந்தா மோளே, ஏதாச்சும் மறந்து போயோ?” என்று அக்காவைக் கேட்டார்.

“என் தாள்ல என்னோட பதில் இல்லாத ஒண்ணு இருக்கு டீச்சர். அறுபத்தொண்ணு. அதுக்கு மார்க் வந்தாக் கழிச்சிருங்க.” குத்திய காகிதத்தை மேசையில் வைத்தார். நடந்ததைச் சொன்னார்.

டீச்சர் என்னைப் பார்த்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்தார். தனக்குத் தெரிந்த தமிழில் மெதுவாகச் சொன்னார். “ஒரே ஒரு கேள்வி. நான் கேக்கல்ல, நீங்க பறையல்ல. வீட்டுக்குப் போங்க. எழுதித் தந்தால் ரிப்போர்ட் போகும். இந்தக் குட்டியுட பேரும் போகும். இவள் இனி அரசுப் பரீட்சை எழுத முடியுமோ என்றுகூட எனக்குத் தெரியாது.”

எதற்கும் உடனே பதில் சொல்லும் அக்கா, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றதை நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். கோலை மடக்கினார். மறுபடி விரித்தார். பிறகு நான் நிற்கும் பக்கம் திரும்பினார்.

“தாளு என்னோடது. பேரு உன்னோடது. என் தாளுக்காக உன் பேரத் தூக்கிக் குடுக்க எனக்கு உரிமை இல்ல. நீ வேண்டாம்னா இப்படியே போயிருவோம். நீயே சொல்லு.”

“எழுதுங்க டீச்சர்” என்றேன்.

இதை நான் சொல்லக் கேட்டவர்கள், அந்த வயதில் எவ்வளவு நேர்மை என்பார்கள். நேர்மை ஒன்றும் இல்லை. பாலக்காடுதான் சரி என்பதில் எனக்குத் துளி சந்தேகம் இல்லை. சரியான விடையை எழுதியவள் நான் என்று எங்காவது பதிவாகட்டும் என்ற திமிர்தான் பேசியது.

டீச்சர் எழுதினார். அக்கா அதை முதலிலிருந்து கடைசிவரை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். அதன் கீழே நானும் போட்டேன்.

மூன்று வாரத்தில் விடைகள் வெளியாயின. அறுபத்தொன்று, சி. இடுக்கி.

போய்ச் சொன்னேன். அக்கா தம்பி குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். “ஆமா, எர்ணாகுளம் பக்கத்துக் காட்டுல கொஞ்சம் இந்தப் பக்கம் சேத்து, நம்ம மாவட்டம் திரும்பப் பெருசாயிருச்சுன்னு ரேடியோவுல சொன்னான். உங்க புத்தகம் அச்சடிச்சு எத்தன வருசம் ஆச்சோ” என்றார். அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. “இடுக்கியில பொறந்து இடுக்கிய விட்டுக் குடுத்துட்டியேடி.”

அதை ஜீப்பிலும் சொன்னார். அன்றிலிருந்து ஓட்டுநர் அண்ணனுக்கு என் பெயர் மறந்துபோயிற்று. “யாரு, பாலக்காடா? ஏறு ஏறு. பாலக்காட்டுக்கு எடம் விடுங்கப்பா, பெரிய மாவட்டம்!” என்பார். பன்னிரண்டு பேரும் சிரிப்பார்கள். அம்மாவும் சிரித்தார். ஸ்டோர் விஷயத்தில் அக்காமேல் இருந்த வருத்தம் அவருக்கு அந்தச் சிரிப்பில்தான் தீர்ந்தது என்று நினைக்கிறேன்.

விசாரணைக்கு இரண்டு முறை கூப்பிட்டார்கள். அக்காவின் தாளை ஏற்றுக்கொண்டார்கள், அந்த ஒரு கேள்வியை மட்டும் நீக்கிவிட்டு. எனக்குக் கண்டிப்பு. இரண்டு வருடம் யாருக்கும் எழுதக் கூடாது என்று கடிதம் வந்தது. அம்மாவுக்கு நான்தான் அதை வாசித்துக் காட்டினேன். ஒரே குரலில் வாசிக்க முடியவில்லை.

தேர்வானவர்கள் பட்டியலில் அக்கா இருந்தார். ஆனால் இரண்டு பேர் முந்திவிட்டார்கள். அந்த ஒரு மார்க் சேர்ந்திருந்தால் முந்தியிருக்க மாட்டார்கள். வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் இருந்த இடம் அவர்களில் ஒருவருக்குப் போனது. அக்காவுக்குக் கிடைத்தது பாலக்காட்டின் கிழக்கே, தமிழ் பேசும் ஊர் ஒன்றில் அரசு ஆஸ்பத்திரியின் விசாரணை மேசை. முழு நாள் பயணம். அங்கேயே ஓர் அறை எடுத்துத் தங்கிவிட்டார்.

கல்லூரி முதல் வருட விடுமுறையில் போய்ப் பார்த்தேன். ஆஸ்பத்திரி வாசலுக்குள் மேசை, ஒரு தொலைபேசி, கையடியில் பிரெய்லித் தாள்கள். எந்த டாக்டர் எந்த அறையில், யாருக்கு லீவு, எல்லாம் அதில். தலைப்பாகை கட்டிய ஒரு விவசாயி வந்தார்.

“ஏனுங்க, சக்கர வியாதி டாக்டரு இன்னைக்கு எந்தப் பக்கமுங்க?”

“நேரா பதினாறு எட்டு வையிங்க. இடக்கைப் பக்கம் தண்ணிக் குழா ஒழுகுற சத்தம் கேக்குமுங்க. அத ஒட்டுன ரூம்பு. டாக்டரு பத்தரைக்குத்தான் வருவாருங்க, அதுவரைக்கும் உக்காருங்க.”

எங்கள் மலைத் தமிழுக்குள் இந்த ‘ங்க’ எப்படி இவ்வளவு சுளுவாக வந்து உட்கார்ந்தது என்று நான் வாய் பார்த்துக்கொண்டிருந்தேன். விவசாயி எட்டுகளை எண்ணிக்கொண்டே போனார். திரும்பி வரும்போது மேசைக்குப் பக்கத்தில் மடக்கி வைத்த கோலைக் கவனித்துவிட்டார். என்னிடம் குனிந்து, “அந்த அம்மணிக்குப் பார்வை இல்லீங்களா? நானு இத்தன மாசமா கை காட்டிக் காட்டியல்லங்க பேசிட்டிருந்தேன்!” என்றார்.

“கை காட்டுனது தெரியலீங்க. செயின் போட்ட கைக்கெடியாரம் ஆடுற சத்தம் தெரிஞ்சதுங்க” என்று அக்கா மேசையிலிருந்தே சொன்னார். விவசாயி வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டு போனார்.

சாப்பாட்டு வேளையில் மெதுவாக ஆரம்பித்தேன். “என்னாலதானக்கா இவ்வளவு தூரம்…”

“மார்க்கு போச்சு. அது போகட்டும். இந்த ஊரு எனக்குப் புடிச்சிருக்கு.” தயிர்ச் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். “நீ படிச்சுக் காட்டினப்ப குரல் கொஞ்சம்கூட ஆடல பாரு. அதுதான்டி ரொம்ப நாளைக்கு வலிச்சுது. எனக்கு இருக்கிறது உங்க குரலு மட்டும்தான.”

ஊறுகாய் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டார். “அந்தா” என்று சொல்லப்போய், “தட்டுக்கு வலப்பக்கம், ஒரு சாண்” என்று சொன்னேன். எடுத்துக்கொண்டார்.

இரண்டு வருடத் தடை போன மாதம் முடிந்தது. பக்கத்து எஸ்டேட்டில் ஒருவர் இருக்கிறார். பட்டம் முடித்தவர். கண்ணின் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் பார்வை, எழுத்து கண்ணுக்குப் பிடிபடாது. பட்டதாரிகளுக்கான தேர்வுக்கு எழுத ஆள் தேடினார். நான் கல்லூரியில் இரண்டாம் வருடம்தான், விதிப்படி எழுதலாம். போய், மற்ற எதையும் பேசுவதற்கு முன்னால் அறுபத்தொன்றாவது கேள்வியைச் சொன்னேன். கறுத்ததைச் சொன்னேன், படித்துக் காட்டியதையும் சொன்னேன். “யோசிச்சுச் சொல்றேன்” என்று அனுப்பிவிட்டார். நான்கு நாள் கழித்து, “ஞாயித்துக்கிழம வாங்க. பழகிப் பாப்போம்” என்று போன் வந்தது.

எழுதுபவருக்கான படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. முன்பு இந்தப் பணியில் நடவடிக்கைக்கு உள்ளானதுண்டா, விவரம் தருக. ‘ஆம்’ என்று எழுதினேன். விவரத்துக்கு விட்டிருந்த இடம் ஒன்றரை வரிதான். தனித்தாளில் முழுவதும் எழுதி, படிவத்தோடு இணைத்தேன். அதை அவருக்கு ஒருமுறை வாசித்துக் காட்டிவிட்டு, திங்கட்கிழமை காலை அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்கிவிட்டேன்.